எண்களைப் பாட்டாக்கும் பெட்டி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை சோம்பேறித்தனத்தில் பிறந்தது. போன கோடையில் நான் எழுதித் தரவேண்டிய வேறொரு கதை இருந்தது. அதை எழுதாமலிருக்க ஒரு சாக்கு தேவைப்பட்டது. வீட்டில் பாட்டுக் கேட்க, கைக்கு எட்டும் விலையில் நல்ல டேக் ஒன்று வாங்கலாம் என்று இணையத்தில் தேட ஆரம்பித்தேன். இரண்டு மாதம் ஓடிவிட்டது.

டேக் என்பது வேறொன்றுமில்லை. கணினியிலும் கைபேசியிலும் பாட்டு பாட்டாக இருப்பதில்லை, எண்களாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்பீக்கருக்கு எண் தெரியாது. ஏறி இறங்கும் மின்சாரம்தான் அதற்குப் புரியும். எண்ணை வாங்கி மின்சாரமாகத் தருகிற பொருளுக்குத்தான் அந்தப் பெயர். எல்லாக் கணினிக்குள்ளும் சுமாரான ஒன்று இருக்கவே செய்கிறது. தனியாக நல்லதை வாங்கி வெளியே வைத்தால் பாட்டு துலங்கும் என்கிறார்கள். எவ்வளவு துலங்கும் என்பதில் உலகம் பூராவும் சண்டை. நான் அந்தச் சண்டைகளை ஒன்றுவிடாமல் படித்தேன். வாங்கவுமில்லை, எழுதவுமில்லை.

கடைசியில் ஒருநாள் தேனி அல்லிநகரத்தில் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றுக்கு நேரிலேயே போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் மடித்த தாள். கடைக்காரர் எடுத்துக் காட்டிய பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அண்ணே, இதை மாட்டுனா முன்ன மாதிரி கேக்குமா?"

அவர் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் திருப்பிக் கேட்டார்:

"யாருக்கும்மா கேக்கணும்?"

இவ்வளவுதான் நான் காதால் கேட்டது. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. மாரீஸ்வரி என்பது நான் வைத்தது. கடைக்காரருக்குக் காமராஜ் என்று வைத்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் நான் போன காரியத்தை மறந்து வெறுங்கையோடு திரும்பியது உறைத்தது.

2

தொடக்கங்கள்.

[ஓடைப்பட்டியின் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே, கணவனின் நினைவோடு மாரீஸ்வரி மெல்ல நடந்து]

அடித்துவிட்டேன். ஓடைப்பட்டி என்றதும் என் பேனா தானாகப் பந்தலுக்குள் நுழைந்துவிடுகிறது. இவள் பந்தலுக்குள் போய் எத்தனையோ வருடம் ஆயிற்று. இவள் வேலை பார்ப்பது இ-சேவை மையத்தில். திராட்சை என்பது இவளுக்குச் சிட்டாவோடு சேர்த்து அச்செடுத்துத் தரும் அடங்கலில் ஒரு பயிரின் பெயர்.

[வேல்பாண்டிக்கு அங்கே வேறொரு பெண்]

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது முறை நேராகவே ஆரம்பித்தேன். அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

மாரீஸ்வரிக்கு நாற்பத்திரண்டு வயது. அவள் கணவன் வேல்பாண்டி முன்பு ஊரில் ரேடியோ செட் வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று சுற்றுவட்டாரம் முழுக்க அவன் ஸ்பீக்கர்தான் பாடும். வீட்டுக்கென்று பலாப் பலகையில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை அவனே அறுத்து, இழைத்து, ஒட்டினான். ஒரு திருகாணி தளர்ந்து பெட்டி அதிர்ந்தால் தெருமுனையில் வரும்போதே சொல்லிவிடுவான், இடது பெட்டியா வலது பெட்டியா என்று.

பிறகு ஊரடங்கு வந்தது. இரண்டு வருடம் கொடையும் இல்லை, கல்யாணமும் பத்துப் பேரோடு முடிந்தது. செட்டை ஒவ்வொன்றாக விற்றான். வீட்டு ஆம்ப்ளிஃபையரையும் அந்த இரண்டு பெட்டிகளையும் மட்டும் விற்கவில்லை.

"இதையும் வித்துட்டா, திரும்பி வர்றதுக்கு நீ ஒருத்திதான் காரணம்னு ஆயிரும்" என்றான் சிரித்துக்கொண்டே. "ரெண்டு காரணம் இருக்கட்டும்."

போர்வெல் வண்டி ஒன்றில் சேர்ந்து சத்தீஸ்கர் பக்கம் போய்விட்டான். பத்து மாதம் அங்கே, இரண்டு மாதம் இங்கே. அங்கே மழை இறங்கிவிட்டால் காட்டுப்பாதையில் வண்டி புதையும், வேலை நிற்கும், ஆட்கள் ஊர் திரும்பலாம். அதனால் மாரீஸ்வரியின் கைபேசியில் வானிலை என்று தொட்டால் வருவது ஓடைப்பட்டி அல்ல, ராய்ப்பூர். ஓடைப்பட்டியில் கொடியில் காயும் துணி நனைகிறபோதுதான் இங்கே மழை என்பது அவளுக்குத் தெரியும். ஆயிரம் மைலுக்கு அப்பால் எப்போது மழை வரும் என்பதை மணிவாரியாகச் சொல்வாள்.*

* ஒரு மகள் இருக்கிறாள், நாகஜோதி. கதையில் ஆட்கள் குறைவாக இருக்கட்டும் என்று அவளை மதுரையில் நர்சிங் சேர்த்து விடுதியில் விட்டுவிட்டேன். நன்றாகப் படிக்கிறாள்.

முதல் இரண்டு வருடம் தினமும் பேசினான். மூன்றாம் வருடம், "வேலைல எடுக்க முடியல, வாய்ஸ் போட்டு விடு" என்றான். அவளும் சமையல் செய்துகொண்டே, துணி மடித்துக்கொண்டே பேசிப்பேசி அனுப்பினாள். அவன் கேட்டுவிட்டான் என்பதற்கு அடையாளமாக அந்தச் சின்ன மைக் படம் நீலமாக மாறும். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். போன தீபாவளிக்குப் பிறகு அதுவும் மாறியது. "எழுதி அனுப்பு" என்று எழுதினான்.

ஒருநாள் மறந்துபோய், "அங்கன மழை எறங்கிருச்சா?" என்று பேசி அனுப்பினாள். "சாப்பிட்டேன்" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை அவள் வேலைக்கு நடுவில் பலமுறை எடுத்துப் பார்த்தாள். ஒரு மனிதன் காது கொடுத்துக் கேட்காமலே நீலமாக்கிவிட்டுப் போகிறான் என்றால் அதற்கு என்ன பொருள்? அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கேள்வியை மட்டும் மனதுக்குள் வைத்துக்கொண்டாள். நேரில் வரட்டும், கேட்டுவிடலாம்.

3

இப்போது கடைக்குத் திரும்பலாம். இனி வரும் பேச்செல்லாம் என் கைவேலை.

மையத்தில் கழித்துப்போட்ட கணினி ஒன்று அவள் வீட்டில் இருந்தது. வேல்பாண்டி வரும்போது அவனுக்குப் பிடித்த பாட்டையெல்லாம் அதில் ஏற்றி, அவன் செய்த பெட்டியிலேயே போட்டுக் காட்டவேண்டும் என்று தோன்றியது. உறையை எடுத்து, தூசி தட்டி, ஒயரை மாட்டினாள். பாட்டுக்கு முன்னால் ஒரு ரீங்காரம் வந்தது. மவுஸை நகர்த்தினால் காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்ததுபோல் பொரிந்தது. இதை அவன் ஒரு நிமிடம்கூடப் பொறுக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தேடினாள், படித்தாள், சான்றிதழ் விண்ணப்பத்துக்குக் கட்டம் போடுவதுபோல் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டாள்.

"கம்ப்யூட்டருக்குள்ள ஆயிரம் வேலை நடக்குதும்மா" என்றார் காமராஜ். "அந்தச் சந்தடிலதான் பாட்டும் கெடக்கு. வெளிய எடுத்து வச்சுட்டா அது பாட்டுக்குத் தனியா பாடும்."

மேசையில் மூன்றை வைத்தார். ஒன்று, எலிவால் மாதிரி விரல்நீள ஒயர். இரண்டாவது, டி.வி.யின் சத்தம் ஒயரில் ஒளியாக வருவதை வாங்கிக்கொள்ளும் பெட்டி. அவள் கணினியில் அதற்கு வழியில்லை என்று அவரே தள்ளி வைத்தார். மூன்றாவது இரண்டு தீப்பெட்டியை அடுக்கியதுபோல் கறுப்பாக, பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளை, முன்னால் ஒரு குமிழ்.

"உள்ளதச் சொல்றேன். வாலுக்கும் பெட்டிக்கும் வெலதான் வித்தியாசம். காதுல பெருசா தெரியாது. வாலே போதும்."

"இத்துணூண்டா இருக்கேண்ணே."

"பாட்டு உள்ள எடமா கேக்குது?"

அவள் சிரித்தாள். ஆனால் பெட்டியைக் கையிலிருந்து விடவில்லை. "இதை மாட்டுனா முன்ன மாதிரி கேக்குமா?"

"யாருக்கும்மா கேக்கணும்?"

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு. ரேடியோ செட் வச்சிருந்தாக. இப்ப போர் வண்டில இருக்காக."

"எத்தனை வருசமா?"

"நாலு ஆகப்போகுது."

காமராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தார். என்னவோ சொல்ல வந்து, பெட்டியைத் துணியால் துடைத்தார். "எடுத்துட்டுப் போங்க. பிடிக்கலேன்னா பதினஞ்சு நாள்ல கொண்டாங்க, மாத்தித் தாறேன்."

அவர் என்ன சொல்ல வந்தார் என்று அப்போது எனக்கும் தெரியவில்லை. எழுதிக்கொண்டே போகும்போது தெரியும் என்று விட்டுவைத்தேன்.

4

வேல்பாண்டி எனக்குப் பிடிபடவே இல்லை.

ஒப்புக்கொள்கிறேன், அவனுக்கு அங்கே ஒரு பெண்ணை வைத்து நான்கு பக்கம் எழுதினேன். எழுத்தாளனுக்கு அது சுலபமான வழி. ஆண் பேசவில்லையா, இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்துவிடு. ஆனால் நான்கு பக்கத்திலும் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு ஒரு வரி வசனம் எழுத என்னால் முடியவில்லை. அப்போதுதான் புரிந்தது, அந்தப் பெண் என் கற்பனை அல்ல, மாரீஸ்வரியின் பயம். அவளிடமிருந்து திருடி நான் உண்மைபோல் எழுதிக்கொண்டிருந்தேன்.

பக்கங்களைக் கிழித்த அந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு மனையில் போர் போட வண்டி வந்தது. வேடிக்கை பார்க்கப் போனேன். கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்ததும் சத்தம் காதில் விழவில்லை, பல்லில் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குள் ஓடி சன்னலைச் சாத்தினேன். அங்கே நின்ற ஆட்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. கையால் காட்டினார்கள், தலையால் பதில் சொன்னார்கள். காதில் பஞ்சுகூட இல்லை. மாலையில் வண்டியை அணைத்த பிறகும் அவர்கள் கையால்தான் பேசினார்கள். காமராஜ் சொல்ல வந்து விழுங்கியது என்னவென்று அப்போது புரிந்தது.

அன்றைக்கு நான் வேல்பாண்டியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். (அவன் நான் உண்டாக்கிய ஆள்தான். இருந்தாலும்.)

5

ஆனி கடைசியில், ராய்ப்பூரில் மூன்று நாள் விடாமல் மழை என்று கைபேசி சொன்ன நான்காம் நாள் வேல்பாண்டி கிளம்பினான். இரண்டு நாள் கழித்துக் காலை எட்டரை மணிக்குப் பையோடு வாசலில் நின்றான். கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும், இத்தனை மாதம் கூர் தீட்டி வைத்திருந்த கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டுப் பையை வாங்கினாள்.

"வாங்க" என்றாள். "மெலிஞ்சுட்டீகளே."

அவன் அவள் வாயைப் பார்த்தான். "ம்" என்றான்.

குளித்துச் சாப்பிட்டு முடித்தான். மேற்கே மலைப்பக்கமிருந்து ஆடிக்காற்றுக்கு முன்னோட்டமாகச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பதினொரு மணி வாக்கில் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். எதிரே, அணைத்திருந்த டி.வி.க்கு இருபுறமும் அவன் செய்த பெட்டிகள். நடுவில் புதிதாகக் கறுப்பாக, சின்ன நீல விளக்கோடு அது.

"என்ன இது?"

"டேக்கு. நானே பாத்து வாங்குனேன். கேளுங்க."

அவன் அதைக் கையில் எடுத்து, பின்புறத்தைப் பார்த்து, குமிழைத் தடவினான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளுக்கு இத்தனை நாள் அலைந்ததற்கெல்லாம் மனசு நிறைந்துவிட்டது.

பாட்டைப் போட்டாள். கல்யாணமான புதிதில் அவன் மாலைதோறும் போடும் பாட்டு. ரீங்காரம் இல்லை, பொரிச்சல் இல்லை. தபேலா அடி சுத்தமாக வந்தது. அவன் எழுந்துபோய் வலது பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான். தலையை ஆட்டினான்.

"ஜம்முனு இருக்கு மாரி."

அவளுக்குத்தான் என்னவோ குறைந்தது. முதல் அடி முடிந்ததும் புல்லாங்குழல் வரவேண்டும். இடதுபக்கத்திலிருந்து வரும். வரவில்லை. எட்டிப் பார்த்தாள். காலையில் கூட்டும்போது விளக்குமாறு இழுத்திருக்கவேண்டும். இடது பெட்டியின் ஒயர் கழன்று தரையில் கிடந்தது. பாதிப் பாட்டு பாடவே இல்லை.

பெட்டியைச் செய்தவன் அதற்கு ஒரு முழம் தள்ளி நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

அவன் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மாரீஸ்வரி அவனுக்குப் பின்னால் போய் நின்றாள். கத்தவில்லை, ரகசியமாகவும் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கும் ஆளிடம் பேசுகிற குரலில், வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

"அங்கன வேற யாரும் இருக்காளா?"

அவன் தாளத்துக்குத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. விரலும் நிற்கவில்லை.

இந்த இடத்தில் என் முதல் பிரதியில் "அவள் உடைந்து அழுதாள்" என்று இருந்தது. அவள் அழவில்லை. குனிந்து ஒயரை எடுத்து இடது பெட்டியில் செருகினாள். புல்லாங்குழல் வந்தது. வந்ததும் அவனுக்குத் தெரியவில்லை.

6

அவள் பாட்டை நிறுத்திவிட்டு அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். முகம் பார்க்கிற மாதிரி.

"காதுக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? ஒண்ணுமில்லையே."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லுங்க."

அவன் டேக்கின் நீல விளக்கைப் பார்த்தான்.

"எடது சுத்தமா போயிருச்சு" என்றான். "போன தடவ ஊருக்கு வந்தப்பவே மந்தம், திரும்பிப் போனதும் அடைச்சிருச்சு. வலதுல அடித்தாளம் விழும். பொம்பளப் பேச்சு முணுமுணுப்பா வரும், வார்த்தை புரியாது. குழல், கிளி, இதெல்லாம் இல்ல. முதலாளிக்குத் தெரிஞ்சா மெஷின் பக்கத்துல விடமாட்டாரு. அதான் யாருகிட்டயும் சொல்லல."

"எங்கிட்டகூடவா?"

"உங்கிட்டதான் சொல்ல முடியல. திருகாணி தளந்தா தெருவுலருந்து சொன்ன ஆளுன்னு நீ எல்லாருகிட்டயும் பெருமையடிப்ப."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உதடு தெரியாதே என்ற நினைப்பு வந்து மறுபடி நிமிர்ந்தாள்.

"அப்ப நான் அனுப்புன வாய்ஸெல்லாம்?"

"எல்லாத்தையும் கேப்பேன். மதியம் சாப்பாட்டுக்கு வண்டி நிக்கிறப்ப, போனக் காதோட அமுக்கி வச்சுக்குவேன். நீ என்ன சொல்றன்னு தெரியாது. நீ பேசுறேன்னு தெரியும்." கைபேசியை எடுத்துக் காட்டினான். ஒன்றைக்கூட அழிக்கவில்லை. "எங்க இழுப்ப, எங்க நிறுத்துவேன்னு தெரியும். ஒரு வாய்ஸ்ல சிரிச்ச. அது எதுக்குன்னுதான் ரொம்ப நாளா யோசிக்கிறேன்."

எதற்குச் சிரித்தோம் என்று அவளுக்கும் நினைவில்லை. அவன் கையிலிருந்து கைபேசியை வாங்கி, அந்த வாய்ஸைத் தேடிப் போட்டுக் கேட்டாள். பக்கத்து வீட்டுக் கோழி மையத்துக்குள் புகுந்து கைரேகைக் கருவிமேல் உட்கார்ந்துகொண்ட கதை. அதை அவன் முகத்துக்கு நேராக, கோழியைக் கையால் நடித்துக்காட்டி, முதலிலிருந்து சொன்னாள். எட்டு மாதம் தாமதமாக அவன் சிரித்தான்.

மறுவாரம் தேனியில் காது மருத்துவரிடம் போனார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். மாரீஸ்வரி வெளியே நின்று பார்த்தாள். நெடுநேரம் அவன் விரல் அசையாமல் இருந்தது. மருத்துவர் வெளிப்படையாகப் பேசினார். இடதில் ஒன்றும் செய்வதற்கில்லை. வலதுக்குக் கருவி வைத்தால் பேச்சு துலங்கும். மறுபடி கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றால் அதுவும் போகும்.*

 * காதுக் கருவிக்குள்ளும் பேச்சு எண்ணாகிப் பிறகு சத்தமாகித்தான் காதுக்குப் போகிறது. கடையில் வாங்கும் டேக் செய்கிற அதே வேலையை அரிசிமணி அளவு சில்லு செய்கிறது. இதைத் தெரிந்துகொண்டபோது, இணையத்தில் நான் செலவழித்த இரண்டு மாதத்துக்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

7

முடிவுகள்.

[ஆவணியில் வண்டி கிளம்பியபோது வேல்பாண்டியும்]

இப்படி ஒரு முடிவு எழுதினேன். கருவியைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் பழைய வேலைக்கே போய்விடுகிறான். இப்படி நடக்கக்கூடியதுதான். ஆனால் எழுதிய அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அடித்துவிட்டேன்.

[சின்னமனூரில் சின்னதாக ஒரு கடை போட்டு]

இது எல்லோருக்கும் பிடிக்கும் முடிவு. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

நடந்ததாக நான் நம்புவது இதுதான். வேல்பாண்டி முதலாளிக்கு உண்மையை எழுதி அனுப்பினான். துளை போடும் வேலை வேண்டாம், உதிரிச் சாமான் ஏற்றிப்போகும் லாரி ஓட்டத் தோது உண்டா என்று கேட்டான். பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் வந்தது. இன்னும் சொல்லவில்லை. மாரீஸ்வரி டேக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். "நீ கேளு" என்றான் அவன். "நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

கருவி வந்து மாட்டிய அன்று தேனியிலிருந்து பேருந்தில் திரும்பினார்கள். டிக்கெட் கிழிக்கும் சத்தத்துக்கே அவன் திடுக்கிட்டான். வளையல் உரசினால் திரும்பினான். அவள் கையை அசைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, மாலை ஐந்து மணிக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். காற்றுக்குச் சன்னல் அடித்துக்கொண்டது. எழுந்துபோய்க் கொக்கி மாட்டினான். அப்புறம் அவள் பக்கம் திரும்பினான்.

"மாரி. அன்னைக்குப் பாட்டு ஓடுறப்ப பின்னாடி நின்னு என்னமோ கேட்டியே."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"டி.வி.க் கண்ணாடில தெரிஞ்சுச்சு. உன் வாய் அசைஞ்சுச்சு. அப்ப என்னன்னு கேக்க எனக்குத் தெம்பு இல்ல. என்ன கேட்ட?"

இங்கே நான் இருபது நாளாக நிற்கிறேன். "சாப்பிடுறீகளான்னு கேட்டேன்" என்று எழுதிப் பார்த்தேன். அன்பான பொய். ஆனால் இத்தனை நாளும் இருவருக்கும் நடுவே நின்றதே அன்புக்காகச் சொல்லாமல் விட்டதுதான். உண்மையை எழுதிப் பார்த்தேன். கருவி மாட்டிய முதல் நாள் அவன் காதில் விழுகிற முதல் முழு வாக்கியம் அதுவா? இரண்டையும் அடித்தேன். அடித்த கோடுகள் இந்தத் தாளில் அப்படியே இருக்கின்றன.

மாரீஸ்வரியை எனக்கு இவ்வளவு தூரம்தான் தெரியும். அவளைப்போல் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு யாருக்காகவோ காத்திருந்தவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். உங்களில் ஒருவர் அவளுக்காகப் பதில் சொல்லுங்கள். அவன் சன்னலோரம் நிற்கிறான். அவள் உதட்டை அவன் பார்க்கவில்லை, வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறான்.

மெதுவாகச் சொன்னாலே போதும். இப்போது அவனுக்குக் கேட்கும்.